கிராதியின் வலிமை அதன் காலடியில்

சென்ற மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அங்கு வாழும் என் பெரியப்பா மகனின் இல்லத்தில் தங்கியிருந்தேன். மலைச்சரிவில் அமைந்த வீடு அது. முன்புறம் தெருவோடு சமமாக இருக்கும். பின்புற மாடத்திலிருந்து கீழேயுள்ள காபித் தோட்டமோ இருபது அடிப் பள்ளத்தில் இருக்கும். விருந்தினர் வருவர் என்பதால் அம்மாடத்து இரும்புக் கிராதிக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் பூசியிருந்தனர். காலையில் மூடுபனி விலகும் வேளை, அண்ணனின் நான்கு வயதுப் பேத்தி பூந்தொட்டியின் விளிம்பில் ஒரு காலும் குறுக்குக் கம்பியில் மறு காலும் வைத்து ஏறி, மரத்திலிருந்த குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இறக்கிவிட ஒரு கையை நீட்டி, மறு கையால் ஓரத்துத் தூணைப் பற்றினேன். தூண் அசைந்தது. குனிந்து பார்த்தபோது அடியில் பூச்சு மட்டுமே நின்றது. உள்ளிருந்த இரும்பு துருவாகி உதிர்ந்து போயிருந்தது.

“போன வாரந்தானே பெயிண்ட் அடித்தோம், தம்பி!” என்றார் அண்ணன். அண்ணி ஒன்றும் பேசாமல் குழந்தையை உள்ளே தூக்கிச் சென்றார்.

கிராதி என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்தது. ஜன்னலும் அலமாரியும் அவ்வாறே வந்தவை. நம் மூத்தோருக்கு அச்சொல்லைக் கேட்டவுடன், முழந்தாளிட்டு நற்கருணை வாங்கிய பீடத்துக் கிராதி நினைவுக்கு வரக்கூடும். வீட்டுக் கிராதியைப் பற்றியும் திருநூலில் கட்டளை உண்டு. முன்னர் உபாகமம் என்றும் இன்று இணைச்சட்டம் என்றும் வழங்கும் நூலின் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம், புது வீடு கட்டுவோன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டுமெனப் பணிக்கிறது. அங்கிருந்து எவரேனும் விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்பதே அது கூறும் காரணம். தட்டையான கூரையின் மேல் மக்கள் உலவியும் உறங்கியும் வந்த நாட்டில் அது வெறும் சடங்குச் சட்டம் அன்று.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் கிராதிக்குப் பகை ஈரம். இரு பருவமழையும் இங்கு உண்டு. மழையில்லா நாட்களிலும் மூடுபனி கம்பியை நனைத்துவிடுகிறது. மேலே படியும் நீர் காற்றில் உலர்ந்துவிடும். தூண் வழியே இறங்கும் நீரோ அது சிமெண்டுக்குள் நுழையும் இடத்தில் தேங்கி நிற்கும். ஆகவே கைபடும் மேற்கம்பி பளபளவென்றிருக்க, அடிக்கால் அரித்துக்கொண்டே போகும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் சுற்றியுள்ள சிமெண்டும் வெடிக்கும். அவ்வெடிப்பில் மேலும் நீர் இறங்கும். ஆண்டுதோறும் அதன்மேல் வண்ணம் பூசுவது, ஆறாத புண்ணின் மேல் துணி சுற்றுவதற்கு ஒப்பாகும்.

அடிக்கால் ஏன் அத்துணை முக்கியம்? ஒரு மீட்டர் உயரத் தூணின் உச்சியில் ஒருவர் சாய்ந்து ஐம்பது கிலோ விசை கொடுக்கிறார் எனக் கொள்வோம். தூண் நெம்புகோலாகிவிடுகிறது. அடித்தகட்டின் போல்ட்டுகள் பத்து செ.மீ. இடைவெளியில் இருந்தால், இழுபடும் பக்கத்துப் போல்ட்டுகள் ஏறத்தாழ ஐந்நூறு கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். கடையில் மேற்கம்பியின் பருமனையும் பளபளப்பையும் பார்த்து விலை பேசுகிறோம். அடித்தகட்டின் கனத்தையும் போல்ட்டின் நீளத்தையும் கேட்பவர் அரியர்.

போல்ட் எதில் இறங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கான்கிரீட் தளமாயின் விளிம்பை ஒட்டித் துளையிடலாகாது. மூன்று நான்கு அங்குலமாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பின்னர் எழுந்த தோட்ட வீடுகள் சில சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அத்தகைய சுவரில் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் செங்கல்தான் பிளக்கும். சுவரை ஊடுருவும் நீண்ட போல்ட்டை இட்டு, மறுபுறம் இரும்புத் தகடு வைத்து இறுக்குவதே தக்கது.

எவர்சில்வர் என நாம் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகுக்குச் சேலத்தார் பிறர் சொல்லக் கேட்க வேண்டியதில்லை. கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து அதன் தகடுகளைச் செய்து வருகிறது. ஆயினும் அதிலும் தரம் பல. வெளிப்புறத்துக்கு 304 எனப்படும் தரமே ஏற்றது. 202 என்பதில் விலையுயர்ந்த நிக்கல் குறைவு, மாங்கனீஸ் மிகுதி. ஈரத்தில் விரைவில் செம்புள்ளி விழும். காந்தம் வைத்துச் சோதிப்பதாகச் சொல்வர். இவ்விரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதவை. ஆகவே அச்சோதனை இங்கு உதவாது. தரத்தைப் பில்லில் எழுதி வாங்குவதே வழி. நல்ல எஃகுக் குழாயில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டுவிட்டு, எவர்சில்வரும் துருப்பிடிக்கிறதே என்று வருந்துவோரும் உளர்.

பணம் குறைவெனில், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போதும். பற்றவைத்த இடங்களில் அப்பூச்சு எரிந்துவிடுமாதலால் அங்கெல்லாம் துத்தநாகப் பெயிண்ட் தடவ வேண்டும். குழாயின் மேல்வாயை மூடி, அடியில் நீர் வடியச் சிறு துளை விட வேண்டும். காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் மலிவாகக் கிடைக்கிறதென்று அதில் கிராதி செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். மழையில் அது நெடுநாள் நில்லாது. தேக்கு வேறு.

உயரத்தைப் பொறுத்தவரை, இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மாடக் கிராதி ஒரு மீட்டருக்குக் குறையலாகாது. அதை முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். பழைய தளத்தின் மேல் சாந்தும் டைல்சும் போட்டால் இரண்டு அங்குலம் குறைந்துவிடும். இதைக் கொத்தனாரும் நினையார், வீட்டாரும் நினையார். இடைவெளியில் பத்து செ.மீ. உருண்டை நுழையக்கூடாதென்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பின்பற்றும் அளவு. குழந்தையின் உடல் நுழையாதபடி வகுத்தது அது. கம்பிகள் நெடுக்காக நிற்கட்டும். படுக்கைக் கம்பிகள் அழகுதான். குழந்தைக்கோ அது ஏணி.

மாடிப்படியில் கைப்பிடி முதியோருக்கானது. உள்ளங்கை சுற்றிப் பிடிக்க நான்கு அல்லது ஐந்து செ.மீ. பருமனுள்ள உருண்டைக் கம்பியே ஏற்றது. அகன்ற கிரானைட் பலகையைத் தடவலாம், பற்ற இயலாது. சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல் முட்டி இடிக்காத இடம் வேண்டும். பனியில் நனைந்து பாசி படிந்த வெளிப்படிகளில் கடைசிப் படிக்கு அப்பாலும் ஓர் அடி கைப்பிடி நீண்டிருப்பது நலம். தவறி விழுவது பெரும்பாலும், படி முடிந்துவிட்டதென்று எண்ணிக் கையை விடும் இடத்தில்தான்.

அண்ணன் வீட்டில் அன்றே அம்மாடத்துக் கதவைப் பூட்டிவிட்டோம். மறுவாரம் வந்த வெல்டிங் பட்டறைக்காரர் உள்பக்கம் நின்றவாறு, ஒவ்வொரு தூணின் அடியையும் சிறு சுத்தியலால் தட்டியும் திருப்புளி முனையால் குத்தியும் பார்த்தார். ஒன்பது தூண்களில் நான்கில் முனை உள்ளே இறங்கியது. கிராதி முழுவதையும் கழற்றி, நெடுக்குக் கம்பிகள் வைத்துப் புதிதாகச் செய்தார். ஒவ்வொரு தூணின் கீழும் இரண்டு அங்குல உயரச் சிமெண்டு மேடை கட்டி, நீர் வழியுமாறு நாற்புறமும் சரிவு கொடுத்து, அதன்மேல் அடித்தகட்டை வைத்து, கீழேயுள்ள கான்கிரீட் வரை இறங்கும் நீண்ட போல்ட்டுகளால் இறுக்கினார். இரண்டு நாள் வேலை. பூந்தொட்டிகளை அண்ணி முற்றத்துக்கு மாற்றிவிட்டார்.