எண்ணெயில் போட்ட பூடு எத்தனை நாளைக்கு?

ஒரேயடியாகப் பூட்டை உரித்து, இடித்து, போத்தலில் போட்டு எண்ணெய் ஊற்றி வைத்தால் விடியக்காலைச் சமையல் சுருக்காக முடியும். பெரட்டுக்கு ஓடுற அவசரத்தில் பூடு உரிக்க யாருக்கு நேரமிருக்கு? ஆனால் அந்தப் போத்தலை அடுப்படித் தட்டில் வைக்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறோம்.

மன்னார்ப் பக்கம் வங்காலைக் கரையில் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறார்கள். உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிடுவதால் அது பல நாள் தாங்குகிறது. ஊறுகாயைப் புளிப்பு காக்கிறது. எண்ணெய் அப்படியல்ல. பூட்டின் ஈரம் உள்ளேயே இருக்கும். எண்ணெய் காற்றை மட்டுந்தான் தடுக்கும்.

அங்கேதான் ஆபத்து. மண்ணில் 'பொட்டுலினம்' என்ற கிருமி உண்டு. பூடு மண்ணில் விளைவதால் அதன் வித்துக்கள் பூட்டிலும் ஒட்டியிருக்கலாம். காற்றில்லாமல், ஈரமாய், புளிப்பில்லாமல், குளிரில்லாமல் இருந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துக்கள் சாகா. நாற்றமும் வராது, நிறமும் மாறாது.

1985 இல் கனடாவின் வன்கூவர் நகரில், எண்ணெயில் போட்ட பூட்டைக் குளிரில் வைக்காமல் பாவித்த ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் நோயுற்றார்கள். 1989 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலும் 3 பேருக்கு இதே கதி. அதன்பின் அந்நாட்டில் இப்படியான போத்தல்களில் புளிப்புச் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது:

1. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் எண்ணெய்ப் பூடு வேண்டாம். முழுப் பூட்டை வாரத்துக்கு அளவாக வாங்கி, ஈரம் படாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அன்றன்று இடியுங்கள்.

2. பிரிட்ஜ் இருந்தால், வீட்டில் செய்ததை உடனே உள்ளே வைத்து 4 நாளுக்குள் முடியுங்கள். ஐஸ் பெட்டியில் உறையவைத்தால் சில மாதம் தாங்கும்.

3. கடைப் போத்தலென்றால் லேபலைப் பாருங்கள். மூடியிருக்கும்வரை அதிலுள்ள திகதி செல்லும். திறந்தபின் பிரிட்ஜில் வைத்து, லேபலில் சொன்ன நாளுக்குள் முடியுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். உலர்ந்த கரண்டியால் எடுங்கள்.

4. மூடி உப்பியிருந்தால், நாள் கடந்திருந்தால், வெளியில் கிடந்திருந்தால் ருசி பார்க்காமலே எறியுங்கள். வினாகிரியில் போட்ட பூடு பச்சையாக மாறினால் மட்டும் பயப்பட வேண்டாம். அது புளிப்பால் வருவது.

பார்வை இரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல், நாக்குக் குழறுதல், விழுங்க முடியாமை ஆகியவையே இந்நோயின் அடையாளங்கள். பெரும்பாலும் சாப்பிட்டு 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் வரும். சில நாள் பிந்தியும் வரலாம். கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு போத்தல் பூட்டின் விலை பெரிதல்ல. சந்தேகம் வந்தால் எறிந்துவிடுவோம்.