சேவிங் பிரஷ் வீட்டிலேயே செய்யலாம்; முடியில்தான் ஆபத்து!

ஓசூருக்கு அந்தப்பக்கம், கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் மரபொம்மை கடையும் வெட்பாலை மரம் சேவிங் பிரஷ் கைப்பிடிக்கும் ஆகும். கடைசல் பட்டறை இல்லையா? கத்தியும் உப்புத்தாளும் போதும்! உச்சியில் குழி தோண்டி, முடிக்கட்டைப் பசை வைத்து இறக்க வேண்டியதுதான். பொம்மைக்குப் பூசும் அரக்கு வெந்நீரில் வெளுக்கும், வார்னீஷ்தான் சரி.

வில்லங்கம் முடியில்!

முதல் உலகப்போர் காலத்தில், சுத்தம் செய்யாத குதிரைமுடி பிரஷால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் நோய் தொற்றியது. சவரக் கீறல் வழியே கிருமி புகுந்தது. சிலர் இறந்தே போனார்கள். 1920-ல் ஜப்பான் பிரஷ் இறக்குமதிக்கு இங்கிலாந்து தடை போட்டது.

நம்மூர் மாடுகளைத் தாக்கும் அதே அடைப்பான்தான்! "மாட்டு வால்முடி சும்மாதானே கிடக்குது" என்று கட்டிவிடக் கூடாது. நைலான் முடிக்கட்டே நல்லது. உஷார்!