கல்லூரி வாசலில் நம் பிள்ளைகள்: விதிகளும் உதவிகளும்

கல்விக்கு விதி வகுப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியபோது, எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பாகப் பொதுப்பாயிரத்தில் ஐந்து காரியங்களை வரையறுத்தார். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், மாணாக்கன் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். ஒருமுறை கேட்டால் போதாது, மறுமுறையும் கேட்க வேண்டும், உடன் பயில்வோரோடு கலந்து பேச வேண்டும் என்றெல்லாம் அந்தச் சமண முனிவர் சொல்லி வைத்தார். இன்று பல்கலைக்கழகங்கள் அச்சிடும் மாணவர் கையேட்டின் முன்னோடி என்றே அதைச் சொல்லலாம். வேறுபாடு ஒன்றுதான். அன்றைய விதி மாணாக்கனின் தமிழில் இருந்தது. இன்றைய விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை விளக்கும் அலுவலகம் மலையாளத்தில் பேசுகிறது. கேட்டுக்கொண்டு நிற்கும் தாய் தகப்பனோ தமிழர்.

பீர்மேடு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, குமுளி, தேவிகுளம், மூணாறு ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை இது. தோட்டம் போட்ட காலத்தில் மலையேறி வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் அமைந்தன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானது. அரசியல் எல்லை அத்துடன் முடிந்தது. ஆனால் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த எல்லை அதன் வீட்டுக்குள் வந்து விடுகிறது. நான் வியாபாரி, பேராசிரியன் அல்லன். ஆனாலும் பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு, "அண்ணாச்சி, இதுல எதைக் கொடுக்கணும்?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்லிச் சொல்லியே இந்த விதிகள் எனக்குப் பழகிப்போயின. அப்படிக் கற்றதை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

கிரெடிட் என்னும் கணக்கு

பீர்மேடு வட்டாரக் கல்லூரிகள், குட்டிக்கானம் மரியன் கல்லூரி, கட்டப்பனை அரசுக் கல்லூரி ஆகியவை கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் மரியன் கல்லூரி தன்னாட்சி பெற்றது. 2024 ஜூலை 1 முதல் கேரளம் முழுவதும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு முறை வந்துவிட்டது. "நாலு வருஷம் எப்படிப் படிக்க வைப்பது?" என்று பெற்றோர் பலர் பயந்து போனார்கள். பயம் வேண்டாம். மூன்று ஆண்டு முடித்து 133 கிரெடிட் சேர்த்தால் பட்டம் பெற்று வெளியே வரலாம். நான்காம் ஆண்டும் படித்து 177 கிரெடிட் சேர்த்தால் ஆனர்ஸ் பட்டம். ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கடைவீதியில் கிரெடிட் என்றால் கடன். கல்லூரியில் அது வரவு. வகுப்பறைப் பாடத்தில் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்று பிள்ளை உழைத்த நேரத்தைப் பேரேட்டில் எழுதுவது போன்றது. 133-ஐ ஆறு செமஸ்டருக்குப் பிரித்தால் ஒரு செமஸ்டருக்குச் சராசரி 22. முதல் செமஸ்டரில் எட்டு விட்டுப்போனால் அது பின்னால் சுமையாக ஏறும். இந்தக் கணக்கைப் பெற்றோரும் செமஸ்டர் தோறும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேட்டால் இனி விவரம் புரியாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கி என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிள்ளை ஈட்டிய கிரெடிட் அதன் பெயரில் கணக்கில் கிடக்கும். அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். தோட்டம் பூட்டியதாலோ, தகப்பனுக்கு உடல்நலம் கெட்டதாலோ நடுவில் படிப்பை நிறுத்த நேர்கிற நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம். "நின்னது நின்னதுதான்" என்று கைகழுவாமல், மறுசேர்க்கைக்கு வழி உண்டா என்று கல்லூரியில் கேட்க வேண்டும்.

வருகைப் பதிவு

தேர்வு எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நின்றுபோகும் ஊர் நம்முடையது. எஸ்டேட் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே ஒரு மணி நேரம் நடக்கும் பிள்ளைகள் உண்டு. குறைந்த வருகையை ஒரு வரம்பு வரை மன்னிக்க விதி இருக்கிறது. ஆனால் அதற்கு உரிய காரணம், சான்று, விண்ணப்பம், கட்டணம் நான்கும் தேர்வுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். காய்ச்சலில் படுத்த பிள்ளை எழுந்து வந்த வாரமே மருத்துவச் சான்றைக் கொடுத்துவிட வேண்டும். ஹால் டிக்கெட் தராதபோது போய் அழுது பயனில்லை. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் விடுப்பைக் கணக்கில் கொண்டு 73 சதவீதம் போதும் என்று 2023 ஜனவரியில் கேரள அரசு ஆணை பிறப்பித்தது. இது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

தமிழ் வழியில் படித்த பிள்ளை

புதிய முறையில் பெரும்பாலான தாள்களுக்கு 30 சதவீத மதிப்பெண் கல்லூரி உள்மதிப்பீடு, 70 சதவீதம் செமஸ்டர் தேர்வு. கட்டுரை ஒப்படைப்பது, வகுப்பில் எழுந்து பேசுவது, சிறு தேர்வு எல்லாம் அந்த முப்பதுக்குள் வரும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை தமிழில் யோசித்து, மலையாளத்தில் விளக்கம் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். புத்தி குறைவில்லை, வாய் திறக்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சம் நேராக மதிப்பெண்ணில் விழுகிறது. பின்தங்கிய மாணவருக்குத் துணை வகுப்பு நடத்த ஸ்காலர் சப்போர்ட் என்ற பெயரிலும், திறமுள்ளவருக்கு வழிகாட்ட வாக் வித் எ ஸ்காலர் என்ற பெயரிலும் கேரளக் கல்லூரிக் கல்வித் துறை திட்டங்கள் வகுத்தது. இத்தகைய துணை வகுப்பு தம் கல்லூரியில் உண்டா என்று முதல் மாதமே டியூட்டரிடம் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

மொழித்தாள் தேர்வும் அப்படியே. தமிழ் எடுக்க வாய்ப்புள்ள கல்லூரியா என்பதைச் சேருமுன் விசாரிக்க வேண்டும். தமிழையே முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்பினால், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரி 1947 முதல் நடந்து வருகிறது; கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அங்கே தமிழ்த்துறை உண்டு. மேற்படிப்புக்குத் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் இருக்கிறது. இந்த மண்ணில் தமிழ் உயர்கல்வி என்பது கைக்கெட்டாத கனவு அல்ல.

1950 என்னும் ஆண்டு

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வெளியானது. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அதன் வழித்தோன்றல்களுக்குப் பட்டியல் சாதி உரிமை. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு மாணவர் மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட மாரி சந்திரசேகர ராவ் வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி பற்றிய தேர்தல் வழக்கிலும் இந்த 1950-தான் பேசுபொருளானது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் தேர்தல் செல்லும் என்றது.

எம்.எல்.ஏ. ஒருவரே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால், கொழுந்து பறிக்கிறவரின் மகள் என்ன செய்வாள்? தாத்தா 1948-இல் வந்தாரா, 1952-இல் வந்தாரா என்பதற்கு வில்லேஜ் ஆபீசில் ஆதாரம் கேட்பார்கள். பழைய எஸ்டேட் செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பழைய ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் இவைதான் சாட்சி. பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்கள் 2000-ஆம் ஆண்டில் பூட்டப்பட்டன. தோட்டம் பூட்டினால் கூலி மட்டும் நிற்பதில்லை. அந்த ஆபீஸ் அலமாரியில் இருக்கும் நம் குடும்பத்தின் சரித்திரமும் பூட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே திறந்திருக்கும் தோட்டங்களிலுள்ள குடும்பங்கள் இப்போதே தாத்தா பாட்டியின் வேலைப் பதிவுக்கு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது. கிறித்தவம் தழுவிய குடும்பங்களுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது. ஆனால் கேரளத்தில் ஓ.இ.சி. என்னும் பிரிவில் கல்விச் சலுகை உண்டு. எந்தப் பிரிவு என்று தெரிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

உதவித்தொகையும் மலைக்கணவாயும்

கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.இ.சி. மாணவருக்கான கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் இ-கிராண்ட்ஸ் வழியாக வருகின்றன. அக்ஷயா மையத்தில் பதிவு செய்யலாம். எந்தச் சாதியானாலும், பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீதத்தினருள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக உதவித்தொகை கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மொழிச் சிறுபான்மை வேறு, மதச் சிறுபான்மை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கம்பம், உத்தமபாளையம் பக்கம் கல்லூரியில் சேர்க்கலாமே, நம் மொழிதானே என்பார்கள். சேர்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் தருவது அந்த மாநிலப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பிள்ளைகளுக்கே. வண்டிப்பெரியாற்றில் தமிழ் வழியில் படித்தாலும் அது கேரளப் பள்ளிதான். பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் வழங்க வேண்டும் என்பது விதி. ஆகவே கணவாய் இறங்குமுன் இரு பக்கமும் விசாரித்து, எந்தப் பக்கம் எது கிடைக்காது என்று எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொழி அங்கே துணை. காகிதம் இங்கே துணை.

கட்டணமும் முறையீடும்

எங்கள் கடைக்கு வரும் ஒரு தொழிலாளியின் மகன் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து பத்தாம் நாள் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் கல்லூரி மூலச் சான்றிதழ்களைத் தரவில்லை. முழுக் கட்டணமும் கட்டச் சொன்னது. மூலச் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாளில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. அதை எழுத்தில் காட்டிக் கேட்டபின் சான்றிதழ் வந்தது. வாய்ச்சண்டை போட்டிருந்தால் வந்திருக்காது.

2023-இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மனு கொடுத்த 15 வேலை நாளுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக ஆம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவுக்கு நகலும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்க மறக்கக் கூடாது. வியாபாரத்தில் ரசீது இல்லாத வரவு வரவாகாது.

நம் சங்கம் செய்யக் கூடியது

வந்தவாசிப் பக்கத்து வேடல் என்னும் ஊரில் ஆதித்த சோழன் காலத்து, அதாவது 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கனகவீரக் குரத்தி என்னும் சமணப் பெண் ஆசிரியரிடம் 500 மாணாக்கர் இருந்தனர். அங்கே தகராறு ஒன்று மூண்டபோது அவருக்கும் மாணாக்கருக்கும் காவலும் சோறும் எங்கள் பொறுப்பு என்று ஊரார் ஏற்றுக்கொண்டதை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. 1940-களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார் என்னும் வியாபாரி. ஆக, படிக்கிற பிள்ளைக்கு ஊரும் வணிகரும் பொறுப்பு என்பது நம் பழைய வழக்கம்.

சமண அறநூல்கள் உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என நான்கு தானங்களைச் சொல்கின்றன. ஆண்டுதோறும் மேடையில் பரிசுக் கோப்பையும் பொன்னாடையும் கொடுக்கிறோம், கொடுக்கட்டும். அதோடு மூன்று காரியம் செய்தால் அந்த நான்கு தானத்தின் பலனும் உண்டு. ஒன்று, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் காகிதங்களையும் சரிபார்ப்பது. இரண்டு, விண்ணப்பத் தேதிகளைத் தமிழில் எழுதி லயங்களில் ஒட்டுவது. மூன்று, கல்லூரியில் மூத்த தமிழ் மாணவர் ஒருவரை முதல் செமஸ்டர் முழுதும் ஒரு புதுப் பிள்ளைக்குத் துணையாக நியமிப்பது. பவணந்தியார் சொன்ன, உடன் பயில்வோரோடு கலந்து கற்பதும் அதுவே.

இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம், நேரம் வேண்டும். வரும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையை உறுப்பினர்கள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது தாத்தாவின் பழைய பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்!