குதிரை நடந்த கரையில்

இங்கிலாந்தின் கெனற்–ஏவன் கால்வாய் 1810இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அன்று குதிரைகள் கரையில் நடந்து படகுகளைக் கயிற்றால் இழுத்தன. புகையிரதம் வந்ததும் வருமானம் வீழ்ந்தது. காலப்போக்கில் கால்வாய் தூர்ந்தது. 1950களில் அதை மூடிவிட முயன்றபோது, மக்கள் மகாராணிக்கு மனுக் கொடுத்தார்கள். பின்னர் மண்வெட்டியோடு தாமே இறங்கினார்கள். பல்லாண்டுச் சிரமதானத்தின் பலனாக, 1990இல் எலிசபெத் மகாராணியே அதை மீண்டும் திறந்துவைத்தார்.

இன்று அந்தக் கரையில் பெற்றோர் பிள்ளைகளின் கைபிடித்து நடக்கிறார்கள். பெரும்பாலும் சமதரை, முதியோருக்கும் இலகு. அருகிலுள்ள சவர்னேக் காட்டில் ஆயிரம் ஆண்டு கண்டதாகக் கருதப்படும் ஓக் மரம் நிற்கிறது.

தூர்ந்த கால்வாயை மனிதர் கூடினால் மீண்டும் வெட்டலாம். அழிந்த பழங்காட்டை எந்தச் சிரமதானமும் திருப்பித் தராது. இரண்டையும் ஒரே நடையில் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள்.