கிளி எடுக்காத சீட்டு!

கூண்டுக் கதவு திறக்கும். கிளி வெளியே வரும். சீட்டுக் கட்டை அலகால் தள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று... பிறகு ஒரு சீட்டை மட்டும் இழுத்துப் போடும்!

ஜோசியர் ஒரு நெல்லை நீட்டுவார். கிளி அதைக் கொறித்துக்கொண்டே கூண்டுக்குள் போய்விடும்.

தர்மபுரி மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போன இடத்தில் கிளி ஜோசியம் பார்த்த கதை ஒன்றாவது சொல்லுவார்கள்.

கிளிச் சீட்டுக் கட்டில் பெரும்பாலும் 27 சீட்டுகள் இருக்கும். நட்சத்திரங்கள் 27 அல்லவா, அந்தக் கணக்கு. சீட்டுக்குள் ராமர் இருப்பார், முருகர் இருப்பார். சில கட்டுகளில் புத்தரும் வேளாங்கண்ணி மாதாவும் உண்டு. யார் வந்து கேட்டாலும் அவருக்கு ஒரு படம்!

இன்று இந்தக் காட்சி அரிதாகிவிட்டது. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

2024-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு சம்பவம் நடந்தது. வேட்பாளராக நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி சீட்டு எடுத்தது. "வெற்றி" என்றார் ஜோசியர். வனத்துறையினர் வந்து கிளிகளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

தேர்தல் முடிவு வந்தது. டைரக்டர் வெற்றி பெறவில்லை. கிளிக்கு மட்டும் விடுதலை கிடைத்தது!

கிளி போய்விட்டது. ஆனால் சீட்டு போகவில்லை. இப்போது கைபேசியைத் திறந்தால் "டாரட்" சீட்டு வருகிறது. "வீட்டில் இருந்தே கற்றுக்கொள்ளலாம்" என்கிறார்கள். அது என்ன சீட்டு? உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

சூதாட்டச் சீட்டா?

டாரட் பிறந்தது இத்தாலி நாட்டில். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு பணக்காரர்கள் பொழுது போக்க ஆடிய சீட்டாட்டம் அது. பிரான்ஸ் தேசத்தில் இன்றும் அதை வைத்து ஆடுகிறார்கள்.

அதை ஜோசியமாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள். 1781-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒருவர், "இது எகிப்து நாட்டுப் பூசாரிகளின் ரகசியப் புத்தகம்" என்று எழுதிவிட்டார்.

வேடிக்கை என்ன தெரியுமா? அப்போது எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த எழுத்தின் மர்மம் உடைந்ததே 1822-ல்தான். படிக்கத் தெரியாத புத்தகத்துக்கு அர்த்தம் சொன்னார் அவர். மக்களும் நம்பினார்கள்.

படம் போட்ட பெண்

இன்று உலகம் எங்கும் ஓடும் சீட்டுக் கட்டு 1909-ம் ஆண்டு லண்டனில் வெளியானது. யோசனை சொன்னவர் வெயிட் என்பவர். படம் போட்டவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி.

எல்லாச் சீட்டுக்கும் அவர் தனித்தனியாகப் படம் போட்டார். வெறும் எண்ணாக இருந்த சீட்டுகளில்கூட மனிதர்களை நடமாட விட்டார். அழுகிறவர், சண்டை போடுகிறவர், மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவர்... எழுத்துத் தெரியாதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லிவிடலாம்.

பெரிய வேலை, சிறிய கூலி என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1951-ல் கடனாளியாக இறந்தார். அவர் போட்ட படங்கள் இன்றும் விற்கின்றன.

எப்படிப் படிப்பது?

மொத்தம் 78 சீட்டுகள். அதில் 22 பெரிய சீட்டுகள். மீதி 56. அவை நான்கு வகை: கோல், கிண்ணம், வாள், காசு. வகைக்கு 14.

கோல் என்றால் உழைப்பு, ஊக்கம். கிண்ணம் என்றால் பாசம், மனம். வாள் என்றால் சண்டை, கவலை. காசு என்றால் பணம், நிலம், உடம்பு. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

புதிதாகக் கற்பவர்கள் 78 அர்த்தத்தையும் மனப்பாடம் செய்யப் போய்த் திணறுகிறார்கள். அது வேண்டாம். தினம் ஒரு சீட்டு எடுங்கள். படத்தில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார், எங்கே பார்க்கிறார்? வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைப் பாருங்கள்.

பலர் நடுங்குவது 13-ம் சீட்டுக்கு. எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. பெயரே "மரணம்". ஆனால் படத்தின் ஓரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதுதான் அந்தச் சீட்டுக்குச் சொல்லும் பலன். சாவு வரும் என்பது அல்ல.

மூன்று சீட்டு எடுத்து வரிசையாக வைத்துப் படிப்பது அடுத்த பாடம்.

பாலக்கோட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நிலம். முழுவதும் தக்காளி நடலாமா என்பது கேள்வி.

முதல் சீட்டு: முட்டாள். அண்ணாந்து பார்த்தபடி ஒரு வாலிபன் மலை விளிம்பில் கால் வைக்கிறான். அவன் காலடியில் ஒரு நாய் துள்ளுகிறது. இரண்டாவது: முனிவர். கையில் விளக்குடன் தனியாக நிற்கிறார். மூன்றாவது: இரண்டு காசுகள். ஒருவன் இரண்டு காசையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறான். பின்னால் கப்பல்கள் அலையில் ஏறி இறங்குகின்றன.

தக்காளி விலை ஏறுமா என்று இந்தச் சீட்டுகளுக்குத் தெரியாது. ஆனால் பார்க்கிற அம்மாவுக்கு என்ன தோன்றும்? "போன தடவை நாமும் இப்படித்தான் அண்ணாந்துகொண்டு போனோம். விவரம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். ஒரு ஏக்கரில் தக்காளி, ஒரு ஏக்கரில் வேறு பயிர் வைக்கலாம்."

இந்த யோசனை சீட்டில் இருந்து வரவில்லை. அந்த அம்மாவின் மனதிலேயே இருந்தது. படம் அதை வெளியே இழுத்தது. அதனால்தான் "விலை ஏறுமா?" என்று கேட்பதைவிட, "விலை விழுந்தால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்பது நல்லது.

கன்றுக்குச் சொன்ன சொல்

இது நமக்குப் புதிது அல்ல. சங்க காலத்தில் "விரிச்சி" என்று ஒரு வழக்கம் இருந்தது. போருக்குப் போனவர் திரும்புவாரா என்று அறிய, வயதான பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போய் நெல்லும் பூவும் தூவி நிற்பார்கள். காதில் விழும் முதல் சொல்லைப் பலனாக எடுத்துக்கொள்வார்கள்.

முல்லைப்பாட்டில் இப்படி ஒரு காட்சி வருகிறது. தாய்ப் பசுவைக் காணாமல் வாடும் கன்றிடம், "உன் தாய் வந்துவிடுவாள்" என்று ஆயர் வீட்டுப் பெண் சொல்கிறாள். கேட்டவர்கள், "நம் தலைவன் வந்துவிடுவான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொல் கன்றுக்கு. ஆறுதல் அரசிக்கு!

நம் ஊர்க் கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

39 பேருக்கும் ஒரே பலன்!

"அப்படியே என்னைப் பற்றிச் சொன்னார்" என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு.

அமெரிக்காவில் போரர் என்ற மனநூல் ஆசிரியர் 1948-ல் ஒரு சோதனை நடத்தினார். தன் மாணவர்கள் 39 பேரிடம், "உங்கள் குணத்தைத் தனித்தனியே எழுதியிருக்கிறேன். எவ்வளவு சரி? 5-க்கு மார்க் போடுங்கள்" என்றார். சராசரியாக 4-க்கு மேல் போட்டார்கள்!

எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்த வாக்கியங்கள்.

"வெளியே தைரியம், உள்ளே பயம்." இது யாருக்குத்தான் பொருந்தாது?

சீட்டுப் படிப்பவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்துக் கேட்பவர் அதைவிட நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கவிழ்த்து வைக்க வேண்டிய நேரம்

கற்றுக்கொண்டது தெரிந்தால் அக்கம்பக்கத்தார் வருவார்கள். "எனக்கும் பாரேன்" என்பார்கள். சில கேள்விகளுக்குச் சீட்டைத் தொடவே கூடாது.

"வயிற்றில் இருப்பது ஆணா, பெண்ணா?"

தர்மபுரி மாவட்டத்தில் இது சாதாரணக் கேள்வி அல்ல. பெண் குழந்தைகளைப் பிறந்ததும் கொன்ற துயரம் இங்கே நடந்திருக்கிறது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தது. ஸ்கேன் எடுக்கும் டாக்டரே இதைச் சொல்வது குற்றம் என்று 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் "பெண்" என்ற ஒரு சொல், மாமியார் வீட்டில் ஒரு தாயை என்ன பாடு படுத்தும்?

"நெஞ்சு வலிக்கிறது, கண்டம் இருக்கிறதா பார்?" என்று கேட்டால், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

"பெண்ணுக்கு 16 வயது. நல்ல வரன் வந்திருக்கிறது. முடிக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டால், "18 நிறையட்டும் அக்கா, அதுவரை படிக்கட்டும்" என்று சொல்லுங்கள். அதற்கு எந்தச் சீட்டும் தேவை இல்லை. கேட்காமல் கல்யாண ஏற்பாடு நடந்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.