பழைய காரின் கார்புரேட்டரும் எத்தனால் கலந்த பெட்ரோலும்

சென்னையினின்று பூவிருந்தவல்லி செல்லும் பெருஞ்சாலையில், மதுரவாயலுக்கு அப்பால் உள்ளது வேலப்பன்சாவடி. சாவடி யென்பது வழிப்போக்கர் தங்குமிடம். இவ்வழியே இந்நாளில் ஓடுவன பெரும்பாலும் எரிபொருளைக் கம்ப்யூட்டரால் அளந்து செலுத்தும் வண்டிகளே. ஆயினும் வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், பழைய பெட்ரோல் அம்பாஸடரையும் பேணி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் இன்னும் உளர். பம்பில் இப்பொழுது கிடைக்கும் பெட்ரோலை ஊற்றினால் வண்டி இழுப்பதில்லை, எத்தனாலே காரணம் என்பது அவர்களிற் பலருடைய முறையீடு. அது பாதி உண்மை.

100க்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025 இல் நாடெங்கும் பரவிவிட்டது. இவ்வெத்தனால் கரும்பு, சர்க்கரைப் பாகுக் கழிவு, நொய்யரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றினின்று வடிக்கப்படுவதாகலின், வயலில் ஆதாயம் பெறுபவரே வண்டியில் நஷ்டப்படலாகாது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கோ 9 பங்கே போதும். புதிய வண்டியிலுள்ள கருவி புகையைச் சோதித்து அளவைத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரில் இருப்பதோ துளையிட்ட பித்தளை ஜெட் மாத்திரமே. ஆகவே காற்று மிகுந்து கலவை மெலிகின்றது.

ஆயினும் எத்தனாலைப் பழிக்குமுன் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பாட்டரி இணைப்பை நீக்கி, நெருப்பில்லாத திறந்த வெளியில் இவ்வேலையைச் செய்க. கிண்ணத்தின் அடியில் வெண்பொடி படிந்திருப்பின் அது ஜலத்தின் வேலை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. மிதவையைக் காதருகே குலுக்க, உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டையாயிற்று எனக் கொள்ளலாம். ஈயம் பற்றவைத்தால் எடை கூடி மட்டம் தவறும். புதியது போடுவதே நலம். ஊசி வால்வில் வளையமாகத் தேய்வு தெரியின் அதனையும் மாற்றுக. சோலெக்ஸ் வகையில் அவ்வால்வின் கீழுள்ள வாஷரின் கனத்தை மாற்றியே பெட்ரோல் மட்டத்தைத் திருத்துவர். ஜெட்டுகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்க. கம்பியால் குத்துவது நம் பட்டறைகளில் நெடுநாளைய கெட்ட வழக்கம். ஒரு முறை குத்தினாலும் துளை அகன்று கெடும். த்ராட்டில் அச்சு ஆடினால் அவ்வழியே காற்றுப் புகும். புஷ் போடாமல் எவ்வளவு ட்யூன் செய்தும் பயனில்லை. பழைய ரப்பர், தக்கைக் காஸ்கெட்டுகள் எத்தனாலில் ஊறிக் கெடுவதால், குழாயும் டயாப்ரமும் அதனைத் தாங்கும் ப்ளூரோ ரப்பரில் உள்ளனவா எனக் கேட்டு வாங்குக.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சார்ந்த யூகால் கம்பெனி 1985 இல் ஜப்பானிய மிக்குனி கூட்டுறவோடு தோன்றிக் கார்புரேட்டர்கள் செய்தது. 2020 இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டன. இளைய மெக்கானிக்குகளுக்கு இவ்வித்தை பழகும் இடமே குறைந்துவிட்டமையால், திருத்தத்தக்க உறுப்பையும் எறிந்துவிட்டு மட்டமான போலியைப் பொருத்துகின்றனர்.

ட்யூன் செய்யுமுன் ப்ளக், பாயிண்டு இடைவெளிகள் சரியாயிருத்தல் வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறியபின், கலவை ஸ்க்ரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று திறக்கவும். இவ்வகைக் கார்புரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் தடுமாறும்வரை உள்ளே திருகி, பின்பு சீராயும் வேகமாயும் ஓடுமிடத்தில் நிறுத்தி, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால் வேகத்தைத் தணிக்கலாம். சாலையில் ஓட்டியபின் ப்ளக் முனை இளம்பழுப்பாயிருப்பின் நலம். வெளுத்திருந்து மேட்டிலும் வண்டி திக்கினால் மட்டுமே மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குக. ஜெட்டின் எண் ஏறக்குறைய மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கைக் குறிப்பது. 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். ட்ரில்லால் அகற்ற வேண்டாம். எண்ணிட்ட ஜெட்டே வாங்குக.

அறுவடை முடியும்வரை ஷெட்டில் நிற்கப்போகும் வண்டியில் கிண்ணத்தை வடித்துவிடுக. பழைய டாங்கியில் படிந்த பிசினை எத்தனால் கரைத்து இறக்குமாதலால், முதல் சில நிறைப்புகளில் பில்டரை அடிக்கடி திறந்து பார்த்தல் அவசியம். ஸ்ப்ரேயர், சிறு பம்புசெட்டு ஆகியவற்றின் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் இது பொருந்தும்.