கேட்டு வாங்க என்ன கூச்சம்?

மகள் பிரசவத்துக்காகத் தனியாக விமானம் ஏறும் அம்மாக்கள் இன்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். என் அம்மாவும் தங்கையின் பிரசவத்துக்கு லண்டன் போனார். எகானமி வகுப்பில், ஜன்னலோர சீட்டில் 10 மணி நேரத்துக்கு மேல் பயணம். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லையாம்!

அசையாமல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகிக் கால் வீங்கும். சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, அம்மாவையோ மாமியாரையோ அனுப்பும் தோழிகளே... நடைவழி ஓரத்து சீட்டாகக் கேளுங்கள். சைவம் என்றால் 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று டிக்கெட் போடும்போதே சொல்லி விடுங்கள். நம்மூர் ருசியில் வரும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. முட்டிவலிக்காரர்களுக்கு வீல்சேரும் முன்பே பதிவு செய்யுங்கள். சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது.

மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடியே பாதத்தைச் சுழற்ற வேண்டும். ஆள் படம் போட்ட பட்டனை அமுக்கினால் பணிப்பெண் தண்ணீர் கொண்டு வருவார் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். டிக்கெட் காசில் அதுவும் சேர்த்திதானே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.